வலிக்காத நெறிதான் வம்பு: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

இரண்டு இதழுக்கு முன் தொடையிடுக்கில் நெறி கட்டுவது பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். அதிலிருந்து வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் நெறிதான். குடியாத்தம், ஆம்பூர், அணைக்கட்டு, ஆற்காடு என்று பழைய வட ஆற்காடு மாவட்டமே கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது போல. சரி, இந்த முறை முழுக்க நெறிக்கே ஒதுக்கிவிடலாம். எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டோம், ஊர் மட்டும் இருக்கிறது.

டாக்டர் ஐயா, என் பையனுக்கு 7 வயது. பின்கழுத்தில் முடி முடிகிற இடத்தில் இரண்டு, காதுக்குப் பின்னால் ஒன்று என்று சின்ன உருண்டைகள். பதினைந்து நாளாக இருக்கிறது, தொட்டால் நகர்கிறது. பையன் நன்றாகத்தான் ஓடி ஆடுகிறான். மாமியார் இது கண்டமாலை என்கிறார், பக்கத்து வீட்டு அக்கா ரத்தப் புற்றுநோயாக இருக்கப்போகிறது என்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை. – வாசகி, குடியாத்தம்

முதலில் பையனை வெளிச்சத்தில் உட்கார வைத்து முடியை வகிர்ந்து வகிர்ந்து தலையைப் பாருங்கள் அம்மா. பேன், ஈர், சொறிந்து சொறிந்து ஏற்பட்ட புண், பொருக்குத் தட்டிய சிரங்கு, வட்டமாக முடி கொட்டிய படர்தாமரை, இதில் ஏதோ ஒன்று இருக்கும் என்பது என் ஊகம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பின்கழுத்தில் நெறி கட்டினால் பெரும்பாலும் காரணம் தலையில்தான் இருக்கும்.

நெறி என்பது நிணநீர்க் கணு. உடம்பில் ஏறத்தாழ 600 இருக்கின்றன, கழுத்தில் மட்டுமே நிறைய. தசையிலும் தோலிலும் ஊறுகிற நிணநீர் மறுபடி ரத்தத்தில் போய்ச் சேருவதற்கு முன் இந்தக் கணுக்களைத் தாண்டித்தான் போக வேண்டும். காட்பாடி தாண்டி கிறிஸ்தியான்பேட்டை சோதனைச் சாவடியில் சித்தூரிலிருந்து வருகிற வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்களே, அந்த வேலைதான். சாவடியில் கூட்டம் சேர்ந்துவிட்டால் சாவடியைத் திட்டிப் பயனில்லை, எந்த வழியாக எது வந்தது என்று பார்க்க வேண்டும். பின்கழுத்துக்கு வருவது தலையிலிருந்து. தாடைக்கு அடியில் இருப்பதற்கு வாய், பல், ஈறு. தாடை முடிகிற மூலையில் இருப்பதற்குத் தொண்டையும் டான்சிலும். அக்குளுக்குக் கையும் மார்பகமும். தொடையிடுக்குக்குக் கால், பிறப்புறுப்பு, ஆசனவாய். நெறி எங்கே என்று சொன்னாலே பாதிப் பரிசோதனை முடிந்துவிடுகிறது, மீதிப் பாதிக்குத்தான் நாங்கள்.

பேன் என்றால் பெர்மெத்ரின் லோஷன் போட்டு, ஒரு வாரம் பத்து நாள் கழித்து இன்னொரு தடவை போட வேண்டும். வீட்டில் எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் தலையிலிருந்து திரும்ப அவன் தலைக்கு வந்துவிடும். தலையில் படர்தாமரை என்றால் மேலே களிம்பு தடவினால் மட்டும் போகாது, வாய்வழி மருந்து வேண்டும், அது டாக்டர் எழுதித் தர வேண்டியது. புண் ஆறிய மறுநாளே நெறி மறையாது. சில வாரம் ஆகும், அதற்குள் பதறாதீர்கள்.

மாமியார் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம். கண்டமாலை என்பது கழுத்தில் வருகிற காசநோய்க்குப் பழைய பெயர். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அதைச் சொல்லிப் பையனைக் காட்டுங்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதற்கு: பையன் வெளுத்துப்போவது, காரணமில்லாமல் உடம்பில் நீலம் பாய்வது, ஈறில் ரத்தம், கால் எலும்பு வலிக்கிறது என்று ராத்திரி அழுவது, விடாத காய்ச்சல், இவற்றில் எதுவும் இருந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. ஓடி ஆடுகிற பிள்ளைக்கு நகர்கிற சின்ன நெறி மட்டும் இருந்தால், தலையைக் கவனித்துவிட்டு மூன்று நான்கு வாரம் பார்க்கலாம்.

அப்பாவுக்கு 52 வயது. மாட்டுக்குப் புல் அறுக்க மலையடிவாரம் போவார். எட்டு நாளாகக் காய்ச்சல், மண்டை பிளக்கிற தலைவலி, உடம்பெல்லாம் வலி. வலது தொடையிடுக்கில் நெறி. ஊரிலேயே ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. டெங்கு இல்லை என்று வந்துவிட்டது. காலில் ஒரு காயமும் இல்லை, பிறகு நெறி ஏன்? – வாசகி, அணைக்கட்டு

இதற்கெல்லாம் பத்திரிகை வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால் கடிதம் பார்த்த அன்றே அந்தப் பெண்ணிடம் போனில் பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

காலில் காயம் இல்லை என்றால் இன்னும் மேலே தேட வேண்டும். வேட்டியைத் தளர்த்தி, இடுப்பு, அடிவயிறு, தொடையிடுக்கு, விதைப்பை, பின்புறம் என்று ஒரு அங்குலம் விடாமல் டார்ச் அடித்துப் பாருங்கள் என்றேன். அரைஞாண் கயிற்றை மேலே தள்ளியபோது, அது அழுந்துகிற இடத்தில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுத்த பொருக்கு இருந்தது. சுற்றிலும் லேசான சிவப்பு. பீடி நெருப்பு பட்டு ஆறிய மாதிரி இருக்கிறது என்றார் அந்தப் பெண். அப்பாவுக்கு அது இருப்பதே தெரியாது, ஏனென்றால் அது வலிக்காது, அரிக்காது. இதுதான் ஸ்க்ரப் டைஃபஸ், நம் பேப்பர்களில் உண்ணிக் காய்ச்சல் என்று வருவது. புதரிலும் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு கடித்த இடம் அது. கடித்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரும், கடித்த இடத்துக்குப் பக்கத்து நெறி வீங்கும். மழை முடிந்து குளிர் தொடங்குகிற மாதங்களில் வேலூர்ப் பக்கத்து மருத்துவமனைகளில் இந்தக் காய்ச்சல் நிறையவே வரும். அதனால் அந்த நாட்களில் காய்ச்சல் நோயாளி வந்தால் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பொருக்கைத் தேடுவது இங்கே பல டாக்டர்களுக்குப் பழக்கம். பெண்களுக்கு மார்பகத்துக்கு அடியில், அக்குளில், பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் இருக்கும். கூச்சப்பட்டுக் காட்டாமல் விட்டால் தவறிப்போகும். ஒன்று, எல்லோருக்கும் பொருக்கு இருக்காது. இல்லாவிட்டாலும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

ஊரில் போட்ட ஊசி ஏன் கேட்கவில்லை? அது எந்த ஊசி என்று கடிதத்தில் இல்லை. ஆனால் பென்சிலின் குடும்பத்து மருந்துகளும் செஃப்ட்ரியாக்சோன் மாதிரியானவையும் இந்தக் கிருமியிடம் எடுபடாது. டாக்ஸிசைக்கிளின் எடுபடும், அஸித்ரோமைசின் எடுபடும். சீக்கிரம் ஆரம்பித்தால் இரண்டு நாளில் காய்ச்சல் விழுந்துவிடும், மாத்திரையின் விலையும் ஒன்றும் பெரிதில்லை. விட்டால் இரண்டாவது வாரத்தில் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று கை வைக்கும், உயிரும் போகும். நோய் முற்றியவர்களுக்கு இந்த இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது ஏதாவது ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிட நல்லது என்று 2023இல் வெளியான ஆய்வைத் தலைமை தாங்கி நடத்தியதே வேலூர் மருத்துவர்கள்தான். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக் கடைக்குப் போய் டாக்ஸிசைக்கிளின் கேட்க வேண்டாம். கர்ப்பிணி, சின்னப் பிள்ளை என்றால் மருந்துத் தேர்வே மாறும்.

அந்த அப்பா இப்போது வீட்டில் இருக்கிறார். மறுபடி புல் அறுக்கப் போகிறாராம். போகட்டும், முழுக்கால் மூடி, வந்ததும் குளித்து, துணியைக் கழற்றித் தனியாகப் போட்டால் போதும்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை, நாள் பூரா நின்றபடி. போன வாரம் குளிர் ஜுரம், தொடையிடுக்கில் நெறி, நடந்தால் உயிர் போகிறது. கணுக்கால் வரை சிவந்து வீங்கியிருக்கிறது. அம்மா செங்கல்லைச் சூடு பண்ணி ஒத்தடம் கொடுக்கிறார். – வாசகி, ஆம்பூர்

செங்கல்லை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கால் விரலிடுக்கைப் பிரித்துப் பாருங்கள், நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் வெள்ளையாக ஊறிப்போன சேற்றுப்புண் இருந்தால் கிருமி நுழைந்தது அந்த வழிதான். ஆன்டிபயாடிக் வேண்டும், காலை உயர்த்தி வைத்து ஓய்வு வேண்டும், சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு பரிசோதனையும் வேண்டும். இது மாதிரி குளிரோடு காய்ச்சலும் நெறியும் சில மாதத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் வீக்கம் கொஞ்சம் மிச்சம் நின்றால் யானைக்காலுக்கும் பரிசோதிக்க வேண்டும். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் சுற்றும் என்பதால் ராத்திரி ரத்தம் எடுப்பார்கள், பயப்படாதீர்கள். தோல் பதனிடும் இடத்தில் கை வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இதே கதை அக்குளில் நடக்கும். விரலில் சின்னக் கீறல், அதில் சீழ், அக்குளில் நெறி. இங்கே வலிக்கிறதே என்று வருத்தப்படுகிறீர்கள். என்னைக் கேட்டால், வலிக்கிற நெறி பெரும்பாலும் நல்ல நெறி, ஏதோ கிருமியோடு மல்லுக்கட்டுகிறது என்று அர்த்தம்.

வயது 22, காட்பாடி. கழுத்தில் மூன்று கட்டி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது, சாயந்திரம் லேசான ஜுரம், எடை குறைந்தது. ஊசியில் எடுத்துப் பார்த்து காசநோய் என்று சொல்லி மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது கட்டி முன்பைவிடப் பெரிதாகிவிட்டது, பக்கத்தில் புதிதாக ஒன்று. மாத்திரை வேலை செய்யவில்லையா, நிறுத்திவிடட்டுமா? வரன் வேறு பார்க்கிறார்கள், அம்மா யாரிடமும் மூச்சு விடாதே என்கிறார். – வாசகி

நிறுத்தாதீர்கள் தங்கச்சி. இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நடுவில் நிறுத்தியவர்கள்தான் பிறகு பெரிய சிக்கலில் மாட்டுகிறார்கள்.

நெறியில் வருகிற காசநோய்க்கு மருந்து சாப்பிடும்போது சிலருக்குக் கட்டி பெரிதாவது, புதிதாக ஒன்று முளைப்பது, மெத்தென்று ஆகிச் சீழ் கட்டுவது எல்லாம் நடக்கும். கிருமி செத்து உடைகிறபோது உடம்பு அந்தத் துண்டுகளைப் பார்த்துக் கொதித்து எழுவதால் வருகிற வீக்கம் அது. மருந்து தோற்றுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் அப்படித்தானா என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. மாத்திரை தரும் இடத்தில் காட்டுங்கள். ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமியா என்று ஜீன் எக்ஸ்பெர்ட் பரிசோதனை முதலிலேயே பார்த்தார்களா என்று கேளுங்கள். சீழ் சேர்ந்தால் ஊசியால் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். யாரும் கத்தியால் கீறிவிட விடாதீர்கள், கீறினால் அந்த வாய் மாதக்கணக்கில் மூடாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும், தழும்பும் நிற்கும். சுண்ணாம்பும் தேனும் குழைத்துப் பற்றுப் போடுவது, சூடு வைப்பது எல்லாம் தோலைப் புண்ணாக்குமே ஒழிய உள்ளே இருக்கிற கிருமிக்கு ஒன்றும் ஆகாது.

வழக்கமான சிகிச்சை 6 மாதம். முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று. சிறுநீர் ஆரஞ்சாகப் போவது மருந்தின் நிறம், அதற்காகக் கவலைப்படாதீர்கள். கண் மஞ்சளானாலோ, விடாமல் வாந்தி வந்தாலோ உடனே போய்க் காட்டுங்கள். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், பதிவு செய்தவர்களுக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் தந்துகொண்டிருந்தார்கள், 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். வங்கிக் கணக்கில் வந்ததா என்று பாருங்கள். 6 மாதம் முடிந்த பிறகும் பட்டாணி அளவில் ஒன்றிரண்டு கழுத்தில் தங்கிவிடலாம், அது வடுதான்.

இனி அம்மா விஷயம். நுரையீரல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்து, நெறியில் மட்டும் காசநோய் என்றால் அது உங்களிடமிருந்து யாருக்கும் தொற்றாது. தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டியதில்லை. ராபர்ட் கோக் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்துச் சொன்னது 1882இல். இன்னமும் பெண் பார்க்க வருகிற வீட்டில் இது பரம்பரை நோய் என்றே பேசுகிறார்கள், என்ன செய்வது. சிகிச்சை முடித்தவர் கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 6 மாதத்தை முடித்துவிட்டுத்தான் தேதி குறிப்பேன். அவசரப்பட்டால் ஒளித்து ஒளித்து மாத்திரை விழுங்க வேண்டிவரும், அதில்தான் வேளை தவறும். அதற்கு முன்பே கல்யாணம் நடந்துவிட்டால் ஒன்று நினைவில் வையுங்கள்: ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது.

வயது 58. இடது காறையெலும்புக்கு மேலே குழியில் ஒரு கட்டி, இரண்டு மாதமாக. வலியே இல்லை, அதனால் கண்டுகொள்ளவில்லை. பசி கொஞ்சம் குறைவு, அது வயசு. பீடி உண்டு. மகன்தான் எழுதச் சொன்னான். ஊசி போட்டு எடுத்தால் பரவிவிடும் என்கிறார்களே? – வாசகர், வாணியம்பாடி

மகன் சரியாகச் சொல்லியிருக்கிறார். ஐயா, இந்த வாரத்திலேயே போங்கள்.

மற்ற இடத்து நெறியில் சின்னது, பெரியது என்று பேசலாம். காறையெலும்புக்கு மேலே கைக்குத் தட்டுப்பட்டாலே பரிசோதிக்க வேண்டும், அளவு பார்க்க வேண்டியதில்லை. இடது பக்கத்துக் குழியில் வயிற்றிலிருந்து வருகிற நிணநீரும் சேர்கிறது, அதனால் இரைப்பையில் புற்று இருந்தால் சில சமயம் முதலில் தலை காட்டுவது அங்கேதான். ருடால்ஃப் ஃபிர்கோ என்கிற ஜெர்மன் மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதிவைத்தார், அந்த நெறிக்கே அவர் பெயர். வலது பக்கம் என்றால் நுரையீரலையும் உணவுக்குழாயையும் நினைப்போம். காசநோயும் அங்கே வரும், நிணநீர்ப் புற்றும் வரும், ஆகையால் இப்போதே முடிவு கட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் பீடி, குறைந்த பசி, வலிக்காத கட்டி, இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேரும்போது நான் சும்மா இருக்க மாட்டேன். பசிக் குறைவை வயசின் தலையில் போடாதீர்கள். போகும்போது எடை பாருங்கள், விழுங்கும்போது அடைக்கிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று யோசித்து வைத்துக்கொண்டு போங்கள், கட்டாயம் கேட்பார்கள்.

ஊசி போட்டால் பரவும் என்பது திண்ணைப் பேச்சு. மெல்லிய ஊசியால் நாலு துளி உறிஞ்சிப் பார்ப்பதால் நோய் பரவுவதில்லை, பார்க்காமல் தள்ளிப்போட்ட மாதங்களில்தான் பரவுகிறது. கழுத்தின் பக்கவாட்டில் கல் மாதிரி அசையாத கட்டி வந்தாலும் இதே அவசரம்தான், குறிப்பாக வாயில் புகையிலை ஒதுக்குகிறவர்களுக்கு. அவர்கள் வாய்க்குள் ஆறாத புண் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்க்க வேண்டும். வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலேயே இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம்.

நான்கு மாதக் குழந்தைக்கு இடது அக்குளில் கோலி அளவில் நெறி. காய்ச்சல் இல்லை, பால் குடிக்கிறாள். – வாசகி, ஆற்காடு

பிறந்தவுடன் இடது கையில் போட்ட பி.சி.ஜி. என்கிற காசநோய்த் தடுப்பூசியின் வேலையாக இருக்கும். பெரும்பாலும் தானே கரையும், மாதக்கணக்கில் எடுக்கலாம். எண்ணெய் போட்டு நீவாதீர்கள். சிவந்து மெத்தென்று ஆனாலோ, குழந்தைக்கு எடை ஏறாவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தொடையிடுக்கில் நெறி, இருமினால் பெரிதாகிறது, படுத்தால் காணாமல் போகிறது. – வாசகர், வாலாஜா

நெறி இருமலுக்கெல்லாம் அசையாது. இது குடலிறக்கம் மாதிரி இருக்கிறது, அறுவை மருத்துவரைப் பாருங்கள். உள்ளே போகாமல் நின்று வலித்தால், வாந்தி வந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்புங்கள்.

வயது 24, திருப்பத்தூர். மூன்று வருஷமாகக் கழுத்தில் ஒரு பட்டாணி அளவு நெறி. ஸ்கேனில் ரியாக்டிவ், அதாவது கிருமியை எதிர்த்து வீங்கிய சாதாரண நெறி என்று வந்தது, ரத்தமும் சரி. ஆனாலும் தினமும் தொட்டுப் பார்க்கிறேன். இணையத்தில் லிம்ஃபோமா என்கிற நிணநீர்ப் புற்று பற்றிப் படித்ததிலிருந்து ராத்திரி வியர்க்கிறது. அக்குளிலும் ஒன்று இருப்பது போல இருக்கிறது. – வாசகர்

படித்ததிலிருந்து வியர்ப்பது வேறு தம்பி. லிம்ஃபோமாவில் வருகிற வியர்வை பனியனை மாற்ற வைக்கும், படுக்கை விரிப்பை நனைக்கும். மின்விசிறி நின்றதால் வருகிற வியர்வை கணக்கில் சேராது. அதோடு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காரணம் தெரியாத காய்ச்சல், 6 மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவது, அதாவது 65 கிலோ ஆள் ஆறரை கிலோ இழப்பது, சிலருக்கு உடம்பெல்லாம் அரிப்பு. நெறி ரப்பர் மாதிரி இருக்கும், வலிக்காது, வாரத்துக்கு வாரம் வளரும். மூன்று வருஷம் பட்டாணியாகவே உட்கார்ந்திருக்கிற ஒன்று அந்த ரகம் இல்லை, எப்போதோ வந்த தொண்டைப் புண்ணின் மிச்சம்.

தினமும் அழுத்துவதை நிறுத்துங்கள், அழுத்த அழுத்த அந்த இடமே வீங்கி வலிக்கும், அதைப் பார்த்து நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள். அக்குளில் நிஜமாகவே இருக்கிறதா என்று ஒரு முறை மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு மூன்று இடத்தில் ஒரே சமயம் நெறி இருந்தால் கணக்கு மாறும். வைரஸ் காய்ச்சல்கள், எச்.ஐ.வி., உடம்பே தன்னைத் தாக்கிக்கொள்ளும் லூபஸ் நோய், வலிப்புக்குச் சாப்பிடுகிற ஃபெனிட்டாயின் மாத்திரை என்று பட்டியல் நீளும். எச்.ஐ.வி. பற்றி உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பார்த்துவிடலாம், விவரம் வெளியே போகாது. ஒரே ஒரு எச்சரிக்கை: கட்டி கரையட்டும் என்று யாராவது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால், காரணம் தெரியாமல் வாங்கிப் போடாதீர்கள். லிம்ஃபோமாவாக இருந்தால் அது கொஞ்ச நாள் சுருங்கி ஒளிந்துகொள்ளும், பிறகு கட்டியில் துண்டு எடுத்துப் பார்க்கிற பயாப்சியிலும் சரியாகப் பிடிபடாது.

மாதம் ஒரு நாள் காலண்டரில் குறித்துவைத்து அன்றைக்கு மட்டும் தொட்டுப் பாருங்கள். 2 சென்டிமீட்டரைத் தாண்டினால், அல்லது ஒரு மாதத்தில் கண்கூடாக வளர்ந்திருந்தால் எனக்கு எழுத வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.